இழுப்பறையில் இருந்த கையெழுத்துகள்

மிலோய்கா ஓட்செபெக் காலையில் எழுந்ததும், முகம் கழுவுவதற்கு முன்னால், சமையலறை ஜன்னலைத் திறந்து ஆற்றுக்கு அந்தப் பக்கம் பார்ப்பாள். கண்ணாடி ஆலையின் புகைபோக்கிக்கு மேலே காற்று நெளிய வேண்டும். நெளிந்தால் உலை உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். அதற்கப்புறம்தான் அடுப்பில் காப்பி ஏறும்.

இந்தப் பழக்கம் இருபத்திரண்டு வயதில் வந்து ஒட்டிக்கொண்டது. அந்தக் குளிர்காலத்தில் எரிவாயுக் குழாயில் ஏதோ கோளாறாகி, பதினோரு மணி நேரம் உலைக்குச் சரியாகத் தீ இல்லை. கண்ணாடி உலை வீட்டு அடுப்பு மாதிரி இல்லை, இன்றைக்கு அணைத்துவிட்டு நாளைக்குப் பற்றவைத்துக்கொள்ள. உள்ளே உருகிக் கிடப்பது இறுகிவிட்டால் உலை பாளம் பாளமாகப் பிளந்துபோகும். அதோடு ஊரும் போகும். ஆலை ஆண்கள் டீசல் பீப்பாய்களை உருட்டி வந்து எரித்து எப்படியோ காப்பாற்றினார்கள். மறுநாள் அவள் அப்பா வீட்டுக்கு வந்து, பூட்ஸைக்கூடக் கழற்றாமல், மேசையில் தலையைச் சாய்த்து அழுதார். அன்றைக்கு அவள் வயிற்றில் ஏறிய பயம் அப்புறம் இறங்கவே இல்லை.

எங்கள் ஊரில் அவளுக்குப் பயந்தாங்கொள்ளி என்று பெயர். வீட்டைப் பூட்டிவிட்டு மூன்று தடவை இழுத்துப் பார்ப்பாள். தூரத்தில் இடி இடித்தாலே ரேடியோ வயரைப் பிடுங்கிவிடுவாள். "மிலோய்கா தன் நிழலுக்கே வழி விட்டு ஒதுங்கி நிப்பா" என்று மதுக்கடையில் சொல்லிச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். நான் ஒன்று சொல்கிறேன்: எங்கள் ஊரில் எந்தக் காகிதத்தையும் கடைசி வரி வரைக்கும் படித்த ஒரே ஆள் அவள்தான். அந்த மதுக்கடை வீரர்கள் அத்தனை பேரும் படிக்காமலே கையெழுத்துப் போட்டவர்கள்.

அவளுக்கு வேலை ஆலை வாசலில். பொட்டலம் கட்டும் பகுதியில் இருந்தபோது உடைந்த ஜாடி ஒன்று வலது கை நரம்பை அறுத்துவிட்டது. அதிலிருந்து இருபத்து நான்கு வருடமாக வாசல் கூண்டுதான். லாரி வந்தால் பொத்தானை அழுத்தித் தடுப்புக் கம்பத்தைத் தூக்க வேண்டும். யார் வந்தார்கள், யார் போனார்கள் என்று பதிவேட்டில் எழுத வேண்டும். வேலையை விட்டுப் போகிறவர்களிடம் அடையாள அட்டையைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். மீதி நேரம் சும்மாதான். அந்தச் சும்மா நேரத்தில் கூண்டுக்கு வரும் காகிதம் எதுவானாலும் படிப்பாள்.

கணவன் ராடோ போய்ச் சேர்ந்து ஒன்பது வருடம். ஒரே மகள் யெர்னேயா. படித்து முடித்ததும் ஆஸ்திரியாவுக்குப் போய், க்ராட்ஸ் நகரத்தில் எட்டு வருடம் உலைப் பொறியாளராக இருந்தவள். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஆலையின் இயக்குநரே போய் அவளை அழைத்து வந்தார், இங்கே புதிதாக ஒரு உலை கட்ட. வந்தவள் அம்மா வீட்டின் மேல்மாடியில் குடியேறினாள். எட்டு வருடமாகச் சத்தமே இல்லாமல் கிடந்த கூரைக்கு மேலே காலடி கேட்க ஆரம்பித்தது. அதைக் கேட்டுக்கொண்டேதான் மிலோய்கா தூங்குவாள். இந்தக் காலடி நின்றுவிடக் கூடாது, அவ்வளவுதான் அவள் தெய்வத்திடம் கேட்டது.

பங்குகளைப் பற்றியும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் கதை புரியாது. யூகோஸ்லாவியா உடைந்து ஆலைகள் தனியாருக்கு மாறியபோது அரசாங்கம் ஆளுக்கொரு சான்றிதழ் கொடுத்தது. அதை எந்தக் கம்பெனியில் வேண்டுமானாலும் போட்டுப் பங்கு வாங்கலாம். கெட்டிக்காரர்கள் எங்கெங்கோ போட்டார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் சொல்லிவைத்த மாதிரி கண்ணாடி ஆலையிலேயே போட்டார்கள். வருடா வருடம் ஆகஸ்டில் வரும் லாபப் பங்கு குளிர்காலத்து விறகுக்குச் சரியாக இருக்கும். ஜூனில் பங்குதாரர்களின் பொதுக்கூட்டம். கூட்டம் முடிந்ததும் ஆளுக்கொரு க்ரான்ஸ்கா சாசேஜ், தொட்டுக்கொள்ளக் கடுகு, ஒரு கோப்பை ஒயின், கூடவே ஆறு கண்ணாடிக் குவளை. குவளைகள் எல்லாம் குமிழி விழுந்த இரண்டாம் தரம். எங்கள் ஊரில் குமிழி இல்லாத குவளையில் குடிப்பவன் வெளியூர்க்காரன்.

ஆனால் கூட்டம் நீளும், சாசேஜ் ஆறிவிடும். அதனால் ஊர் ஒரு வழி கண்டுபிடித்தது. "எனக்குப் பதிலாக இவர் வாக்களிப்பார்" என்று ஒரு சீட்டு தபாலில் வரும். கீழே இரண்டு கட்டம்: ஆதரவு, எதிர்ப்பு. எங்கள் ஆட்கள் கையெழுத்தை மட்டும் போட்டு, கட்டத்தைக் காலியாக விட்டு, போகிற போக்கில் வாசல் கூண்டில் நீட்டுவார்கள். "நீயே போட்டுக்கோ மிலோய்கா, உனக்குத் தெரியாததா." பிறகு சாசேஜ் வாசனை வரும் நேரத்துக்குச் சரியாக வந்து சேருவார்கள். மிலோய்காவும் எதையும் போட மாட்டாள். சீட்டுகளை இழுப்பறையில் சேர்த்து, ரப்பர் பேண்டு மாட்டி, கூட்டத்துக்கு முந்தின நாள் இயக்குநர் அலுவலகத்தில் கொடுத்துவிடுவாள். கட்டத்தை அங்கே நிரப்பிக்கொள்வார்கள். இருபது வருடம் இப்படியே நடந்தது. யாருக்கும் தவறாகத் தெரியவில்லை.

நான்கு வருடத்துக்கு முன்னால் ஆலையின் கடற்கரை விடுதியை விற்றார்கள். பைன் மரத்தடியில் பன்னிரண்டு அறை; ஊரில் பாதிப்பேர் முதன்முதலில் கடலைப் பார்த்தது அங்கேதான். விற்றதும் ஊர் கொதித்தது. தலைநகரத்துக்காரன் விற்றான், பங்கு வைத்திருந்த வியன்னாக்காரன் விற்றான் என்று திட்டாத வாயில்லை. கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு கூண்டுக்கு வந்தபோது மிலோய்கா வழக்கம்போலக் கடைசி வரை படித்தாள். பின்னிணைப்பில் வாக்கு விவரம் இருந்தது. விடுதியை விற்க ஆதரவு கொடுத்தவர்கள் பட்டியலில் ஊர்ப் பெயர்கள் வரிசையாக இருந்தன. அத்தனையும் அவள் ரப்பர் பேண்டு மாட்டிக் கொடுத்த சீட்டுகள். ஊர்க்காரர்களின் கையெழுத்தே ஊரின் விடுதியை விற்றிருந்தது, அவள் கை வழியாக.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வாள்? ஆலையில் கண்ணாடி ஊதி ஓய்வு பெற்ற ஊதுகுழல்காரர் லுத்விக் ப்ராஷ்னிகர், எண்பத்தொரு வயது, தினமும் காலையில் கூண்டின் பக்கமாக நடந்துபோகிறவர், அப்போது பகிரங்கமாகச் சொல்லியிருந்தார்: "எவன் கை தூக்கி அதை வித்தான்னு தெரியட்டும், அவன் சூப்புல காறித் துப்பறேன்." அவரும் மனைவி அனிட்சாவும் முப்பத்தொரு ஜூலை அங்கே போனவர்கள். விற்ற அடுத்த குளிர்காலத்தில் அனிட்சா இறந்துபோனாள். அதற்கப்புறம் லுத்விக் கூண்டைக் கடக்கும்போதெல்லாம் மிலோய்கா பதிவேட்டுக்குள் முகத்தை வைத்துக்கொள்வாள்.

இந்த வருடம் வந்த தீர்மானத்தை அவள் நான்கு தடவை படித்தாள். எரிவாயு இல்லாமல் மின்சாரத்திலேயே எரியும் உலை. நூறு வருடத்துக்கு ஆலையை நிலைக்க வைக்கும் திட்டம் என்று போட்டிருந்தது. அதற்காகப் பதினைந்து வருடத்துக்கு லாபப் பங்கு கிடையாது, எல்லாம் உலைக்கே. இதுவரைக்கும் ஊரில் பேசிக்கொண்டதுதான். ஏழாவது வரியைப் பற்றித்தான் யாரும் பேசவில்லை. நூற்றுக்கு ஐந்துக்குக் குறைவாகப் பங்கு வைத்திருப்பவர் இனிமேல் கம்பெனியின் எந்த முடிவையும் எதிர்த்து நீதிமன்றம் போக முடியாது, வெளியாளை வைத்துத் தணிக்கை கேட்கவும் முடியாது. எங்கள் ஊரில் ஒருவரிடமும் ஐந்து இல்லை. ஒன்றுகூட இல்லை. எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஒரு வாக்கு, ஒரே ஒரு கட்டம்.

கூட்டம் வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமை காலை இயக்குநர் போஷ்ட்யான் ரீஹர் இரண்டு காகிதக் கோப்பையில் காப்பி எடுத்துக்கொண்டு கூண்டுக்கு வந்தார். கெட்ட மனிதர் இல்லை. மூன்று வருடமாகச் சரியாகத் தூங்காத மனிதர்.

"சர்க்கரை ரெண்டு போட்டிருக்கேன், சரிதானே?"

"சரிதான், டைரக்டர்." அவளுக்கு எழுந்து நிற்பதா உட்காருவதா என்று தெரியவில்லை.

"சீட்டு எத்தனை வந்திருக்கு?"

"நூத்தி நாப்பது."

அவர் கணக்கை வாய்விட்டே சொன்னார். தீர்மானம் தேற நூற்றுக்கு எழுபத்தைந்து வேண்டும். அவர் பக்கம் அறுபத்து நான்கு உறுதி. வியன்னா முதலீட்டு நிறுவனம் இருபத்தொன்று வைத்திருக்கிறது, லாபப் பங்கு நின்றுபோகும் என்பதால் அவர்கள் எதிர்ப்பு. மீதி பதினைந்து ஊர்க்காரர்களுடையது. "அதுல பன்னண்டு உங்க இழுப்பறையில இருக்கு, மிலோய்கா."

"அந்த ஏழாவது வரி..." என்று ஆரம்பித்தாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். அதைப் படித்த ஆளை அவர் எதிர்பார்க்கவில்லை. "அது வங்கி கேக்கறது. பதினஞ்சு வருஷத்துக்குக் கடன் குடுக்கறவன், நடுவுல எவனாவது கோர்ட்டுக்குப் போய் நிறுத்திடுவானோன்னு பயப்படறான். எனக்கும் அந்த வரி பிடிக்கலை. ஆனா கேஸ் விக்கற விலையில இந்த உலை இன்னும் ஆறு வருஷம் தாங்காது. அப்புறம் உரிமையை வெச்சுக்கிட்டு எதைக் கேப்பாங்க? அணைஞ்ச உலையையா?"

அணைந்த உலை என்று அவர் சொன்னதும் அவள் கண் புகைபோக்கிப் பக்கம் போனது.

"நீங்க ஒண்ணும் செய்ய வேணாம். வருஷா வருஷம் குடுக்கற மாதிரி வியாழக்கிழமை கட்டைக் குடுத்துடுங்க. கட்டத்தை நாங்க பாத்துக்கறோம்." போகிற போக்கில் திரும்பி, "யெர்னேயா வரைஞ்ச படத்தைப் பாத்தீங்களா? எங்க பசங்கள்ல யாருக்கும் அந்த மூளை கிடையாது" என்றார்.

மிரட்டவில்லை. மிரட்டியிருந்தால் பரவாயில்லை என்றிருந்தது அவளுக்கு.

அன்று சாயங்காலம் யெர்னேயா கீழே வந்து சாப்பிட்டாள். பீன்ஸும் புளித்த முட்டைக்கோஸும் போட்ட சூப். மிலோய்காவுக்குக் கரண்டி வாய்க்குப் போகவில்லை.

"அம்மா, என்ன, யாரு செத்துட்டாங்க?"

"வெள்ளிக்கிழமை தீர்மானம் தேறலைன்னா என்னடி ஆகும்?"

"தேறலைன்னா எனக்கு இங்க என்ன வேலை? பழைய உலைக்கு ஒட்டுப் போட ரெண்டு பேர் இருக்காங்க, மூணாவதா நான் எதுக்கு. க்ராட்ஸ்ல கூப்பிட்டுக்கிட்டேதான் இருக்காங்க." ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே, சாதாரணமாகத்தான் சொன்னாள். "ஆனா தேறிடும். டைரக்டர் சொல்றார், ஊர்ச் சீட்டெல்லாம் வந்துடுச்சாமே."

"அந்தப் புது உலைக்குப் புகைபோக்கி உண்டா?"

"மின்சார உலைக்கு எதுக்குப் புகைபோக்கி?"

"அப்புறம் காலையில எழுந்து நான் எதைப் பாக்கறது?"

யெர்னேயா சிரித்தாள். "உனக்காக ஒரு விளக்கு வைக்கச் சொல்றேன். பச்சை எரிஞ்சா தூங்கு, சிவப்பு எரிஞ்சா ஒப்பாரி வை." அம்மாவின் தலையில் ஒரு முத்தம் கொடுத்துவிட்டு மாடிக்குப் போனாள். மிலோய்கா காலடியை எண்ணிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

இதோ பாருங்கள், இதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. உலை வேண்டும். மகள் வேண்டும். கட்டைக் கொடுத்தால் இரண்டும் கிடைக்கும், யாரும் ஒரு வார்த்தை கேட்கப்போவதில்லை. அந்த ஏழாவது வரி வந்துவிட்டால் கேட்கவும் முடியாது. இவ்வளவு சுலபம். அந்தச் சுலபம்தான் அவளைப் பிடித்து ஆட்டியது. பதினைந்து வருடத்தில் இந்த நூற்று நாற்பது பேரில் எத்தனை பேர் இருப்பார்கள்? மகளுக்காக அவர்கள் வாயைத் தைத்துவிட்டு அப்புறம் எந்த முகத்தோடு வாசலில் உட்காருவது? ஒரு தடவை தெரியாமல் செய்தாள். தெரிந்தே இரண்டாம் தடவையா?

செவ்வாய்க்கிழமை மதியம் வேலை முடிந்ததும் அவள் இழுப்பறையைக் காலி செய்து சீட்டுகளைக் காய்கறிப் பையில் போட்டாள். மேலே ஒரு கட்டு லெட்டூஸ் கீரையை வைத்து மறைத்தாள். திருடியைப் போலச் சுவரோரமாக நடந்தாள். நேராக லுத்விக் வீட்டுக்குப் போனாள். அவரிடம் சொல்ல முடிந்தால் மற்றவர்களிடம் சொல்லிவிடலாம். சொல்ல முடியாவிட்டால் அப்படியே திரும்பி வந்துவிடலாம். உண்மையில் அவர் வீட்டில் இருக்கக் கூடாது என்றுதான் வழியெல்லாம் வேண்டிக்கொண்டே போனாள்.

இருந்தார். முற்றத்தில் உட்கார்ந்து பீன்ஸ் கொடிக்குக் குச்சி சீவிக்கொண்டிருந்தார்.

"என்னடி பொண்ணே, கீரை விக்க ஆரம்பிச்சுட்டியா?"

"லுத்விக் மாமா, உங்க சீட்டைத் திருப்பிக் குடுக்க வந்தேன். கட்டத்தை நீங்களே போடணும்."

"நீ போடு. என் கண்ணு போயிடுச்சு."

"கண்ணு போனவர்தான் குச்சி சீவறீங்களா. நீங்கதான் போடணும் மாமா."

"இருபது வருஷமா நீதானே போட்டே. திடீர்னு என்ன?"

அவள் நின்றுகொண்டே சொன்னாள். தான் எதையும் போட்டதில்லை என்பதை, கட்டு எங்கே போகும் என்பதை, விடுதி விற்ற வருடத்துப் பட்டியலை. "அதுல உங்க பேர் இருந்துச்சு மாமா. அனிட்சா அத்தை பேரும். ரெண்டும் ஆதரவுல."

லுத்விக்கின் கையில் கத்தி அப்படியே நின்றது. ஊதுகுழல்காரரின் நுரையீரல் எப்போதும் ஒரு விசில் சத்தம் போடும்; அது மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு, "அவ கையெழுத்தா?" என்றார்.

"ஆமா."

"கடைசியா ஒரு தரம் கூட்டிட்டுப் போங்கன்னு கேட்டா. வித்துட்டாங்கடி, எந்தப் பாவியோ வித்துட்டான்னு சொன்னேன்." அவர் எழுந்து உள்ளே போனார். கதவைச் சாத்திக்கொண்டார்.

மிலோய்கா முற்றத்தில் நின்றாள். போகவும் முடியவில்லை, கூப்பிடவும் முடியவில்லை. பயம் அவளைக் குச்சி மாதிரி நட்டு வைத்துவிட்டது. கால் மணி நேரம் கழித்துக் கதவு திறந்தது. அவர் முகம் கழுவியிருந்தார், கையில் மூக்குக்கண்ணாடியும் பேனாவும்.

"படி. முழுசாப் படி."

படித்தாள். பதினைந்து வருடம் என்ற இடத்தில் அவர் கையை ஆட்டினார். "அந்தக் காசு வேணாம். எனக்கு எண்பத்தொண்ணு. காசு இல்லைன்னா கோட்டைப் போட்டுக்கிட்டுப் படுத்துக்கறேன். உலை எரியட்டும். அதுக்குப் போடறேன்." ஏழாவது வரியைப் படித்ததும், "மறுபடி படி" என்றார். மறுபடி படித்தாள்.

"அதாவது, நாளைக்கு இவன் ஆலையையே வித்தாலும் நான் ஏன்டான்னு கேக்கக் கூடாது."

"கேக்கலாம். கோர்ட்டுக்குத்தான் போக முடியாது."

"அதுக்கு ஆத்தங்கரையில நின்னு கத்தலாம். முதல் பாதிக்கு ஆதரவு, பின் பாதிக்கு எதிர்ப்புன்னு போட முடியுமா?"

"ஒரே கட்டம்தான் மாமா."

அவர் பேனா மூடியைக் கழற்றினார். பிறகு நிமிர்ந்தார். "உம்பொண்ணு போயிடுவாளா?"

"போயிடுவா."

"தெரிஞ்சும் ஏன்டி கொண்டாந்தே, பைத்தியக்காரி?"

"பயமா இருக்கு மாமா. உங்க கையெழுத்து என் இழுப்பறையில கிடக்கறது பயமா இருக்கு. தூக்கம் வரலை."

லுத்விக் எதிர்ப்புக் கட்டத்தில் கோடு போட்டார். கோடு கட்டத்துக்கு வெளியே வரை போனது. சீட்டை மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "இதை நானே கொண்டுபோறேன். நீ போ. இன்னிக்கு உன்னைப் பாக்க முடியலை எனக்கு."

இரண்டு மாலையில் நூற்று நாற்பது சீட்டு. சிலர் கதவைப் பாதி திறந்து வாங்கிக்கொண்டார்கள். சிலர் அவள் முகத்துக்கு நேராகவே ஏசினார்கள். சிலர், இதுதான் அவளை அதிகம் பயமுறுத்தியது, சீட்டை வாங்கவே மறுத்தார்கள். "எங்களை ஏன் மாட்டிவிடறே? தப்பாப் போட்டுட்டு ஆலை மூடிட்டா அந்தப் பழி எங்க தலையிலயா? நீயே வெச்சுக்கோ." அந்த வீடுகளில் சீட்டைக் கதவிடுக்கில் செருகிவிட்டு ஓடி வந்தாள். எல்லோரும் ஒன்றையே கேட்டார்கள்: "நீ எதுக்குப் போடப்போறே?" அவள் யாருக்கும் பதில் சொல்லவில்லை.

வியாழக்கிழமை இயக்குநரின் செயலாளர் கட்டுக்காகப் போன் செய்தாள். "இல்லை" என்றாள் மிலோய்கா. "எது இல்லை?" "கட்டு இல்லை. திருப்பிக் குடுத்துட்டேன்." போனை வைத்த பிறகு மிலோய்காவுக்கு வாந்தி வந்தது. கூண்டுக்குப் பின்னால் போய் எடுத்துவிட்டு வந்து, சிமெண்ட் லாரிக்குக் கம்பத்தைத் தூக்கினாள். அன்று யெர்னேயா சாப்பிடக் கீழே வரவில்லை. விஷயம் அவளுக்கும் போயிருந்தது.

வெள்ளிக்கிழமை ஆலை உணவுக்கூடத்தில் உட்கார இடமில்லை. சாசேஜுக்கு மட்டும் வந்து பழகியவர்கள் முதல் தடவையாகக் கூட்டத்தின் ஆரம்பத்துக்கே வந்திருந்தார்கள், ஞாயிற்றுக்கிழமைச் சட்டையில். மிலோய்கா ஒரு மணி நேரம் அனுமதி வாங்கிக்கொண்டு கதவோரம் நின்றாள்.

இயக்குநர் நன்றாகப் பேசினார். பேரப்பிள்ளைகள் வேலை செய்யப்போகும் உலை என்றார். பொய் இல்லை, எல்லோருக்கும் தெரியும். அவர் முடித்ததும் லுத்விக் எழுந்தார்.

"உலைக்கு நான் ஆதரவு. பதினஞ்சு வருஷமும் சரி. அந்த ஏழாவது வரியை மட்டும் எடுத்துத் தனியா வையுங்க, இப்பவே கை தூக்கறேன். நீங்க உங்களை நம்பச் சொல்றீங்க. நம்பறவன் வாயை எதுக்குக் கட்டணும்?"

"அதை எடுத்தா வங்கி வராது, லுத்விக். வங்கி வரலைன்னா உலை வராது. என்னால பிரிக்க முடியாது." அவர் குரல் உடைந்திருந்தது.

சீட்டுகளைப் பெட்டியில் போட்டார்கள். வந்திருந்த வழக்கறிஞர் எண்ணினார். சமையல்காரி சாசேஜ் பானையை மூடும் சத்தம் கேட்டது. ஆதரவு, நூற்றுக்கு எழுபத்திரண்டு. தேறவில்லை.

கை தட்டியது ஒரே ஒருவர், வியன்னாவிலிருந்து வந்த இளம் கனவான். மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். ஜெயித்தவர்கள் முகத்தில்தான் அதிகப் பயம். வியன்னாக்காரர் கதவுப் பக்கம் வந்து, உடைந்த மொழியில் "நன்றி, அம்மா" என்று மிலோய்காவிடம் கையை நீட்டினார். இந்த ஆள் அடுத்த வருடம் எதை விற்கச் சொல்வான்? ஊனமான வலது கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

இயக்குநர் சாசேஜ் எடுக்காமல் வெளியே வந்தார். அவள் முன் நின்றார். திட்டுவார் என்று காத்திருந்தாள்.

"நீங்க செஞ்சது நியாயம்தான், மிலோய்கா. அந்த நியாயத்தைப் போட்டு எரிச்சா உலை எரியுமான்னு தெரியலை" என்று சொல்லிவிட்டு மாடிப்படி ஏறிப் போனார்.

யெர்னேயா கோடை முழுக்க அம்மாவிடம் வேண்டியதை மட்டும் பேசினாள். பால் இருக்கா. தபால் வந்துச்சா. மேலே பெட்டிகள் இழுபடும் சத்தம் கேட்டது. ஒவ்வொரு இழுப்புக்கும் கீழே இவள் நெஞ்சு இழுபட்டது. ஆகஸ்டில் லாபப் பங்கு வந்தது. ஊர் விறகு வாங்கியது. இந்தத் தடவை யாரும் அதைப் பற்றிப் பேசிச் சிரிக்கவில்லை. மதுக்கடையில் இப்போது எல்லோரும் ஒருவருக்கொருவர் கேட்டுக்கொள்வது கேஸ் விலையைத்தான்.

செப்டம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், யெர்னேயாவின் கார் ஆலைக்குள்ளிருந்து வந்து தடுப்புக் கம்பத்துக்கு முன்னால் நின்றது. பின் சீட்டு கூரை வரைக்கும் நிறைந்திருந்தது. மேசையில் இருந்த கடைசிச் சாமானை எடுக்கத்தான் ஆலைக்கு வந்திருந்தாள். இங்கிருந்து நேராக க்ராட்ஸ்.

மிலோய்கா கூண்டின் சின்னக் கண்ணாடியைத் தள்ளிக் கையை நீட்டினாள். அட்டையை வாங்க வேண்டும், அதுதான் விதி. மகள் அட்டையை அவள் உள்ளங்கையில் வைத்தாள். கையை எடுக்கவில்லை.

"அம்மா, ஒண்ணு கேக்கணும். கோடை முழுக்கக் கேக்கணும்னு இருந்தேன். உன்னோட சொந்தப் பங்கு முப்பத்தெட்டு இருக்கே. அதை எதுல போட்டே?"

"ஆதரவுலதான்டி."

யெர்னேயா அவளையே பார்த்தாள். "ஆதரவா?"

"எனக்கு நீ வேணும். அந்த வரி எப்படியோ போகட்டும்னு போட்டேன். என்னுது, நான் போட்டேன்."

"அப்ப மத்தவங்களோடதும் உன் கையிலதானே இருந்துச்சு. ஏன்மா?"

"அது அவங்களோடதுடி, கண்ணு."

யெர்னேயா கார் ஜன்னல் வழியாகக் கழுத்தை நீட்டி அம்மாவின் நெற்றியில் முகத்தை அழுத்தினாள். பின்னால் ஒரு லாரி வந்து நின்றது. மிலோய்கா பொத்தானை அழுத்தினாள். கம்பம் ஏறியது. கார் ஆற்றுப் பாலத்தைத் தாண்டித் திரும்பும்வரை பார்த்தாள். பிறகு பதிவேட்டை எடுத்து, அந்த ஊனமான கையால் எழுதினாள்: யெர்னேயா ஓட்செபெக், வெளியே, மதியம் ஒன்று நாற்பது, அட்டை பெறப்பட்டது. திரும்பி வரும் நேரம் என்ற கட்டத்தில் விதிப்படி ஒரு கோடு கிழிக்க வேண்டும். அவள் அதைக் காலியாக விட்டாள்.

மறுநாள் காலையில் கண் விழித்ததும் அவள் ஜன்னலுக்குப் போகவில்லை. படுத்தபடியே கூரையைப் பார்த்துக்கொண்டு, மேலே சத்தம் வருகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.